பிள்ளையாரடியில் வைத்த பட்டரி

சனிக்கிழமை வகுப்புகளில் புதிதாகக் கணிதம் சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் உங்களோடு கொஞ்சம் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் கிராப் கால்குலேட்டரில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு மிஷினோடு ஒரு புத்தகம் தருகிறார்கள். ஒருவரும் வாசிப்பதில்லை என்பது வேறு கதை. நான் சொல்ல வந்தது, பரீட்சை மண்டபத்தில் ஒரு பிள்ளை அந்தத் திரையைப் பார்த்துவிட்டுத் தன் தாளைப் பார்ப்பதற்கு இடையில் ஒரு கணம் வருமே, அதைப் பற்றி. என் உத்தியோக காலம் முழுக்க நான் பயந்தது அந்தக் கணத்துக்குத்தான்.

தென் லண்டனில் ஒரு கல்லூரியில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ லெவல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவன் நான். எண்பதுகளின் நடுவில் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் மடக்கை அட்டவணையோடு படித்து, அதே அட்டவணையோடு படிப்பித்துவிட்டு வந்தவனுக்குச் சாதாரணக் கால்குலேட்டரே ஒரு மாதிரித்தான் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிகிற நேரத்தில், வரைபையே கீறிக் காட்டுகிற மிஷின் வந்து இறங்கியது. சமன்பாட்டைக் கொடுத்தால் போதும், சின்னத் திரையில் புள்ளி புள்ளியாக வளைகோடு ஓடி வரும். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். நானும் பிளந்தேன், ஆனால் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் கணிதப் பகுதித் தலைவி ஒரு வேல்ஸ்காரி. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கட்டையான மனுசி, சட்டைக் கையில் எந்நேரமும் சோக் தூள், வாயில் எந்நேரமும் ஒரு கேள்வி. ஒருநாள் ஆசிரியர் அறையில் அந்த மிஷினை என் முன்னால் வைத்து ஒரு சமன்பாட்டை அடித்தார். திரை வெறுமையாக இருந்தது. என்ன தெரிகிறது என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை, மிஷின் பழுது என்றேன். அவர் சிரிக்கவில்லை. பழுதில்லை, வளைகோடு திரைக்கு மேலே நிற்கிறது, நீங்கள் பார்க்கிற ஜன்னலுக்குள் அது வரவில்லை, அவ்வளவுதான் என்றார். அளவை மாற்றினார். கிண்ணம் மாதிரி அழகாக வந்து உட்கார்ந்தது. பிறகு சொன்னார், பிள்ளைகளுக்கு இது கீறுவதை முதலில் காட்டாதீர்கள், இது ஏமாற்றுவதை முதலில் காட்டுங்கள் என்று.

இவ்வளவு வருசம் போயும் அதைவிட நல்ல பாடத்திட்டம் ஒன்றை நான் காணவில்லை. அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு சட்டம் வைத்தேன். மிஷினைத் தொட முன்னம் பென்சிலால் தாளில் ஒரு படம் கீற வேண்டும். அழகு வேண்டாம், அளவு வேண்டாம். எங்கே ஏறும், எங்கே இறங்கும், எத்தனை இடத்தில் வெட்டும் என்று கை ஒரு வார்த்தை சொல்லட்டும். பிறகு மிஷினைக் கேளுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் எழுதுங்கள். ஒத்துவராவிட்டால் பேனையை வைத்துவிட்டு யோசியுங்கள். தன் கையே தனக்குதவி என்று இதை நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ தெரியாது, பிள்ளைகள் என் குரலிலேயே சொல்லிப் பகிடி பண்ணுகிற அளவுக்குச் சொன்னேன். பண்ணட்டும். பகிடி பண்ணுகிற வசனம் மறக்காது.

இனி என் கால்களின் கதை.

ஜனவரியில் மாதிரிப் பரீட்சை வைப்போம். நான் வரிசைகளுக்கு நடுவில் நடந்து மேற்பார்வை செய்வேன். ஒருமுறை தலைவி பின்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்து தன்பாட்டில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். திருத்தியது என்னை. பரீட்சை முடிந்ததும் கூப்பிட்டு, உங்கள் வாய் பேசவில்லை, கால்கள் விடை சொல்லிக்கொண்டு திரிகின்றன என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேர்மையைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்கு வேல்ஸ்காரி வகுப்பெடுக்கிறாளோ என்று மனதுக்குள் பொங்கினேன். அவர் அசையாமல், என்னை நம்ப வேண்டாம், பிள்ளைகளைக் கேளுங்கள் என்றார்.

கேட்டேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் இருந்த நளாயினி என்ற பிள்ளைதான் எழும்பிச் சொன்னாள்.

"சேர், நீங்க நிண்டா பிழை. நிக்காமப் போனா சரி. எல்லாருக்கும் தெரியும்."

பிழையைக் கண்டால் என் கால் தானாக நின்றுவிடுமாம். நான் நின்றதும் பிள்ளை அழிறப்பரை எடுக்குமாம். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு நடக்கப் பழகினேன். மனதுக்குள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு, ஒரு மேசைக்கு ஒரு வரி என்று ஒரே சீராக. கண் எதைக் கண்டாலும் கால் வாய்ப்பாட்டின் சொல்லைத்தான் கேட்க வேண்டும். வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நடந்து பார்த்தேன். என்ன நேர்த்திக்கடனோ என்று மனைவி கேட்டா.

இந்த நளாயினியைப் பற்றித்தான் இனி மிச்சம் முழுக்க. தொண்ணூறுகள் தொடங்கிச் சில காலம். ஊரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படிப்புக் குழம்பி வந்த பிள்ளை. முதலில் குடும்பம் கிழக்கு லண்டனில் அப்டன் பார்க் பக்கம் இருந்தது. அங்கே ஒரு கல்லூரியில் முதல் தரம் சோதினை எடுத்தாள், கணிதத்தில் சறுக்கிவிட்டது. கனடாவில் இருந்த மாமன் அனுப்பிய கிராப் கால்குலேட்டர்தான் காலை வாரியது. திரையில் ஒன்றும் தெரியவில்லை என்று 'தீர்வு இல்லை' என்று எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். தீர்வு திரைக்கு வெளியே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எங்கள் பக்கத்து ஸ்ட்ரெதத்துக்கு வீடு மாறி எங்கள் கல்லூரிக்கு வந்தாள்.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. மூன்றாம் தரம் எடுக்கக் கல்லூரி இடம் தராது, அந்த வயதுக்கு மேல் முழுநேரம் படிக்க விடுவதில்லை. பல்கலைக்கழகம் ஒன்றில் மருந்தாளர் படிப்புக்கு இடம் வைத்திருந்தார்கள், கணிதத்தில் பி எடுத்தால் மட்டும். அதுவும் அந்த வருசத்துக்கு மட்டும். ஆக இது கடைசித் தரம். பி வந்தால் அவள் மருந்தாளர், வராவிட்டால் என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தகப்பன் மினிகேப் என்கிற வாடகைக் கார் ஓட்டினார். நல்ல மனுசன், ஆனால் பயந்த மனுசன். ஒரு பனிக்காலக் காலையில் காரின் பட்டரி இறங்கிப் போய், விமானத்துக்குப் போக வேண்டிய ஆளை நடுத்தெருவில் நிற்க வைத்துவிட்டாராம். அதிலிருந்து பட்டரி என்றாலே அவருக்கு நம்பிக்கை இல்லை. காரின் பட்டரி நன்றாக இருக்கும்போதே மாற்றுவார். வீட்டு மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவார். இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை, கேளுங்கள்.

ஜூன் மாதம். தூய கணிதத்தின் இரண்டாம் தாள், பின்னேரச் சோதினை. முதல் தாள் பரவாயில்லை என்றிருந்தாள். பரவாயில்லை என்றால் பி வராது, இரண்டாவது தாள் தூக்கிக் கொடுக்க வேண்டும். எங்களுக்குப் பரீட்சை மண்டபம் என்றால் உடற்பயிற்சிக்கூடம்தான். சுவரில் ஏறும் கம்பிகள், கூடைப்பந்து வளையம், அதற்குக் கீழே வரிசை வரிசையாக மேசைகள். சுவர் மணிக்கூடு எப்போதோ பந்து பட்டுச் செத்துவிட்டது. ஆகவே முன்னால் ஒரு மேசையில் பெரிய மணிக்கூடு ஒன்றை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பாட ஆசிரியரும் மண்டபத்துக்குள் நிற்கலாம். இப்போது விடமாட்டார்கள், விடாததும் நல்லதுதான்.

தாள் கொடுத்து, தொடங்குங்கள் என்று சொல்லியாயிற்று. என் முறை வாசலில். வெளி நடையில் நளாயினியின் தகப்பன் இன்னும் நின்றுகொண்டிருந்தார், நெற்றி நிறைய விபூதி. பெற்றோர் அங்கே நிற்கக்கூடாது என்று மெல்லச் சொல்லி அனுப்பலாம் என்று போனேன். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"மாஸ்டர், ஒண்டுக்கும் பயமில்லை. காலமைப் பூசைக்கு விம்பிள்டன் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாரடியில வைச்சு எடுத்தனான்."

நல்லது அண்ணை, மிஷினை வைத்தால் பிள்ளைக்கும் தைரியம்தானே என்றேன்.

"மிஷினை இல்லை மாஸ்டர், பட்டரியை. புதுப் பட்டரி. பழசெல்லாத்தையும் கழட்டிப்போட்டு நானே போட்டு அவளின்ர பைக்குள்ள வைச்சிட்டன். அவளுக்குச் சொல்லேல்லை. சோதினை நேரம் குழப்பப்படாது எண்டு."

அந்த நாளைய மிஷின்களில் எல்லாப் பட்டரியையும் ஒன்றாகக் கழற்றினால் வைத்ததெல்லாம் மறந்துபோகும். புதிதாய்ப் பிறந்த குழந்தை மாதிரி ஆகிவிடும். நினைவு போனால் போகட்டும், அது பெரிதில்லை. கோணத்தை எதில் அளப்பது என்பதும் போய்விடும். கோணத்தை அளக்க இரண்டு முறை உண்டு, சின்ன வகுப்பில் படிக்கிற பாகை, பெரிய வகுப்பில் வருகிற ரேடியன். ஊரில் ஆரையன் என்று படித்தோம். ஏ லெவல் வரைபெல்லாம் ரேடியனில்தான். இந்த மிஷினோ பிறக்கும்போது பாகையில் பிறக்கிறது. நளாயினி வருசம் முழுக்க அதை ரேடியனில் வைத்துப் பழகியவள். முதல்நாள் பின்னேரம்கூட என் முன்னாலேயே சரிபார்த்தவள். இப்போது அவள் கையில் இருப்பது வேறு மிஷின், அது அவளுக்குத் தெரியாது.

தகப்பனைப் பார்த்தேன். அவர் கண்ணில் அப்படி ஒரு நிம்மதி. நல்லது அண்ணை, நீங்கள் வெளியில் இருங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

பரீட்சைப் பொறுப்பாளர் முன்னால் உட்கார்ந்திருந்தார், சட்டத்தைத் தவிர வேறெதையும் சாப்பிடாத மனிதர். குனிந்து அவர் காதில் கேட்டேன், எல்லாருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை, கால்குலேட்டரைச் சரிபாருங்கள் என்று சொல்லலாமா. தொடங்க முன்னம் கேட்டிருந்தால் யோசித்திருக்கலாம், தொடங்கிய பிறகு ஒரு சொல்லும் கிடையாது என்றார். அவர் சொன்னது சரி. சரியான சொல்லைக் கேட்டு இவ்வளவு வெறுப்பு வந்தது எனக்கு அன்றைக்குத்தான்.

என் முறை மாறி வரிசைகளுக்குள் நடக்க வேண்டி வந்தது. ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினேன். நளாயினி மூன்றாம் வரிசையில், ஓரத்து மேசை. அவள் கடைசிக் கேள்விக்கு வந்திருந்தாள், நிறையப் புள்ளி கொடுக்கிற கேள்வி. சைன் வளைகோடு ஒன்று, சாய்ந்த நேர்கோடு ஒன்று. இரண்டும் எத்தனை இடத்தில் வெட்டும், அதில் ஒன்றைக் கணித்துக் காட்டு, பிறகு அதை வைத்து இன்னது செய் என்று சங்கிலி மாதிரிப் போகிற கேள்வி. முதற்கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் நிலத்தில்.

அவள் மேசையைத் தாண்டும்போது திரை கண்ணில் பட்டது. சாய்ந்த கோடு சாய்ந்தபடி நின்றது. அலையாக ஏறி இறங்க வேண்டிய சைன், அச்சின்மேல் செத்த பாம்பாகப் படுத்துக் கிடந்தது. பாகை. சந்தேகமே இல்லை. அலை எழும்பியிருந்தால் நேர்கோட்டை மூன்று இடத்தில் வெட்டும். படுத்துக் கிடப்பது நடுவில் ஒரே ஒரு இடத்தில் வெட்டும். அவள் தாளில் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்க முடியவில்லை, இடது கையை மடித்து மறைத்து எழுதுகிற பிள்ளை அவள்.

நான் நிற்கவில்லை. வாய்ப்பாடு என்னை இழுத்துக்கொண்டு போனது. ஆனால் இரண்டு மேசை தள்ளிப் போனதும் தலையில் இடி விழுந்தமாதிரி ஒன்று நினைவு வந்தது. நீங்க நிண்டா பிழை, நிக்காமப் போனா சரி. சொன்னவளே இவள்தான். நான் நிற்காமல் வந்ததை இவள் என்னவென்று எடுத்திருப்பாள்? படுத்துக் கிடக்கிற பாம்புக்கு நானே சரி போட்டுவிட்டு வந்தேனா?

இனி அந்தப் பக்கம் போகக்கூடாது என்று முடிவெடுத்தேன். போனால் கால் நிற்கும், நின்றால் அது உதவி. மற்ற மேற்பார்வையாளரிடம் வரிசைகளைக் கொடுத்துவிட்டு முன்னால் போய், மேசையோடு முதுகு ஒட்ட, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அசையவில்லை. முகத்தையும் கல்லாக்கிக்கொண்டேன்.

நளாயினி தலையை நிமிர்த்தி நேரே என்னைப் பார்த்தாள்.

நான் கூடைப்பந்து வளையத்தைப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்துக் கண்ணைத் தாழ்த்தினால் மறுபடியும் பார்க்கிறாள். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கிறாள். நெற்றி சுருங்கியிருந்தது. சேர், ஏதாவது சொல்லுங்கோ என்று அந்த முகம் கெஞ்சுவதாகத்தான் எனக்குப் பட்டது. ஒரு இருமல் போதும். ஒரு பென்சிலைக் கீழே போட்டு, எடுக்கிற சாட்டில் அந்தப் பக்கம் போனால் போதும். அவள் கெட்டிக்காரி, பிடித்துக்கொள்வாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை, இரண்டு நாட்டிலும் படிப்புக் குழம்பிய பிள்ளை, ஒரு இருமலில் என்ன குடிமுழுகிப் போகும் என்று மனம் கேட்டது. அதே மண்டபத்தில் பின்வரிசையில் ஒரு பையன் இருந்தான். அவனுடைய மிஷினில் என்ன பிழையோ எனக்குத் தெரியாது. அவனுக்காக இரும ஆளில்லை. நான் இருமினால் அவன் பங்கையும் எடுத்து இவளுக்குக் கொடுக்கிறேன். அதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். தர்மராசா என்று நினைத்துவிடாதீர்கள், தொண்டைக்குள் அந்த இருமல் வந்து வந்து போனது.

நேரம் முடிந்தது. தாள்களைச் சேர்த்தபோது அவளுடைய தாள் வேறொருவர் கைக்குப் போனது. அதுவும் நல்லதுக்குத்தான்.

வெளியில் தகப்பன் ஓடி வந்தார். மிஷின் வேலை செய்ததோ என்று கேட்டார். செய்தது என்றேன். பொய்யில்லை, மிஷின் தன் வேலையைத் தவறாமல் செய்தது. நளாயினி தகப்பனுக்குப் பின்னால் வந்தாள். முகம் வெளிறி இருந்தது. போயிட்டு வாறன் சேர் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டாள்.

நான் கேட்கவில்லை. இதைக் கவனியுங்கள். அடுத்த கிழமை இன்னொரு தாள் இருந்தது. முடிந்த தாளைக் கிண்டினால் வராத தாளும் கெடும். மறுநாள் வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னேன், பட்டரி மாற்றுவதென்றால் ஒரு கிழமைக்கு முன்னமே மாற்றுங்கள், மாற்றியதும் கோணத்தைச் சரிபாருங்கள், பதறாத காரியம் சிதறாது என்று. நளாயினி தலையை ஆட்டினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

தகப்பனுக்குச் சொல்வதா என்பது அடுத்த வேதனை. சொன்னால் அந்த மனுசன் சாகுமட்டும் அதைச் சுமப்பார். சொல்லாவிட்டால் அடுத்து மகன் இருக்கிறான், அவனுடைய பட்டரியையும் கோயிலுக்குக் கொண்டுபோவார். முடிவு வரட்டும் என்று விட்டேன். அந்தக் கோடை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்தில் புல் வெட்டினால் புல் நேர்கோடாகத் தெரிந்தது, அலை தெரியவில்லை. மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டா.

"சோதினை எழுதினது உவளோ, நீங்களோ?"

நான் திரும்பவும் புல் வெட்டப் போனேன்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. கல்லூரிக்கு நேரத்துக்கே போய், கண்ணில் படாத மூலையில் நின்றேன். ஆசிரியர்களுக்குப் பட்டியல் முன்னமே வரும், ஆனால் எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக அலுவலகத்துக்குள் போய் வந்தார்கள். நளாயினியும் போனாள். வெளியில் வந்து சுற்றும் முற்றும் பார்த்து, என்னைக் கண்டுபிடித்து நேரே வந்தாள்.

"பி, சேர்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன சொன்னாலும் சொல்லுங்கள், கலங்கியது. பக்கத்தில் இருந்த வாங்கில் உட்கார்ந்தேன். பிறகுதான் கேட்டேன், அந்தக் கடைசிக் கேள்வி என்னவாயிற்று என்று. அவள் சொன்னாள். முதலில் பென்சிலால் கீறியிருக்கிறாள். கை மூன்று இடம் என்றது. பிறகு மிஷினைக் கேட்டிருக்கிறாள். மிஷின் ஒன்று என்றது. அந்த இடத்தில் பயந்துபோனாளாம். பேனையை வைத்துவிட்டு யோசித்தாளாம்.

"முப்பதுக்கு சைன் என்ன எண்டு கேட்டுப் பாத்தன் சேர். அரை எண்டுது. அப்பதான் விளங்கினது, பாகையில நிக்குது எண்டு. மாத்திப்போட்டுத் திருப்பிக் கீறினன், கை சொன்ன மூண்டும் வந்திட்டுது."

அப்படியென்றால் ஏன் பிள்ளை திரும்பத் திரும்ப என்னைப் பார்த்தீர் என்று கேட்டேன். கோடை முழுக்க அந்தப் பார்வைதானே என்னைத் தின்றது.

அவள் முழித்தாள். "உங்களையோ? நான் மணிக்கூட்டையெல்லோ பாத்தனான். அதை மறைச்சுக்கொண்டு அசையாமல் நிண்டனீங்கள். எனக்கு எவ்வளவு நேரம் கிடக்குதெண்டே தெரியேல்லை."

நேர்மைக்காகக் கல்லாக நின்றவன், அந்தப் பிள்ளையின் நேரத்தை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தலைவி அன்று மண்டபத்தில் இருந்திருந்தால் அதையும் கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார். இன்னொன்றும் கேட்டேன். நான் நிற்காமல் போனேனே, அதை வைத்து மிஷின் சரி என்று நினைக்கவில்லையா?

"நீங்க ஜனவரிக்குப் பிறகு நடையை மாத்திட்டீங்கள் எண்டு எங்களுக்குத் தெரியும்தானே. அதுக்குப் பிறகு உங்களை ஒருத்தரும் நம்புறேல்லை, சேர்."

இதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் தந்ததில்லை. மிஷினையும் நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை, பிள்ளை தன் கையை நம்பியிருக்கிறாள். உங்களிடம் படிக்கிற பிள்ளையும் ஒருநாள் இப்படி முகத்துக்கு நேரே சொல்லட்டும். அப்போது உங்களுக்குக் கொஞ்சம் நோகும், பரவாயில்லை.

வாசல் பக்கம் தகப்பனின் கார் வந்து நிற்பது தெரிந்தது. நளாயினி குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பாதான் பட்டரி மாத்தினவர் எண்டு அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது. அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, சேர். தம்பியின்ர மிஷினுக்கு நான் சோதினைக்கு ஒரு கிழமைக்கு முன்னமே மாத்திக் குடுக்கிறன்."

ஜூன் மாதம் முழுக்க, ஜூலை முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒரே விசயத்தை ஒரே மனிதனுக்காக ஒளித்துக்கொண்டு திரிந்திருக்கிறோம். நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

தகப்பன் லட்டுப் பெட்டியோடு வந்தார். சட்டைப் பைக்குள் கை விட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். சோதினை எல்லாம் முடிந்ததும் மிஷினிலிருந்து கழற்றிய பட்டரிகள், விபூதியோடு பத்திரமாகச் சுற்றியிருந்தன. இனி இவற்றைச் சாமித்தட்டில் வைக்கப் போகிறாராம். மகனுக்கும் இதே மாதிரித்தான் செய்வாராம்.

"பாத்தீங்களோ மாஸ்டர், பட்டரி கைவிடேல்லை."

நளாயினி என்னைப் பார்த்தாள். இந்தமுறை என்னைத்தான் பார்த்தாள், என் பின்னால் மணிக்கூடு ஒன்றும் இல்லை.

"ஓம் அண்ணை," என்றேன். "நல்ல பட்டரி."